குடியும் மறதியும் - ஒரு சின்ன வரலாறு

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவ ஊர் பட்டினச்சேரி. கொஞ்ச தூரம் போனால் வாஞ்சூர், அதைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்த எல்லைக்கும் சாராயத்துக்கும் பழைய உறவு உண்டு. 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954-இல் அவர்கள் போனார்கள், கடைகள் போகவில்லை! வரி குறைவு, அதனால் சரக்கும் மலிவு.

குடித்தால் ஈரல் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். மூளையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

1881-இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, புத்தி குழம்பி மூவருமே இறந்துபோனார்கள். இருவர் குடிகாரர்கள். மூன்றாவது ஆள் கந்தக அமிலம் குடித்துவிட்ட ஒரு தையல்காரப் பெண். அவருக்கு ஏன் அதே நோய்? அப்போது விடை இல்லை.

சில ஆண்டுகள் கழித்து மாஸ்கோவில் செர்கேய் கோர்சகோவ், நெடுநாள் குடித்தவர்களின் விசித்திரமான மறதியை விவரித்தார். பழைய கதை நினைவிருக்கும், கைத்தொழிலும் மறக்காது. வலை பின்னத் தெரிந்தவர் பின்னிக்கொண்டே இருப்பார், ஆனால் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் நடக்காத ஒன்றைச் சொல்வார். வீட்டில் 'குடிகாரன் பொய் சொல்றான்' என்பார்கள். பொய் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானே இட்டுக்கட்டி அடைக்கிறது, அது அவருக்கே தெரியாது.

விடை கோழிகளிடமிருந்து வந்தது. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிடு கொடுத்தால் தேறுவதையும் 1890-களில் கவனித்தார். தவிட்டில் இருந்தது தயாமின், அதாவது வைட்டமின் பி1. அதை 1936-இல் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நம் பக்கத்து நெல்லூரில்!

நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கும். புழுங்கல் அரிசி சாப்பிடும் டெல்டாவில் அதற்குப் பஞ்சம் வரக்கூடாதுதான். ஆனால் குடிப்பவர் சோற்றையே தள்ளிவிடுகிறார், சாப்பிட்ட கொஞ்சத்திலிருந்தும் குடல் பி1-ஐ எடுக்கவிடாமல் மது தடுக்கிறது. உடம்பின் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான். அமிலத்தால் வயிறு வெந்து சாப்பிட முடியாமல் போன அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு நடந்ததும் இதுவே.

சீக்கிரம் தயாமின் ஊசி போட்டால் கண் பார்வையும் குழப்பமும் பெரும்பாலும் தேறும். தாமதித்தால் நினைவு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. இன்னொன்று: நம் ஊரில் யார் மயங்கினாலும் 'ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்பதுதான் முதல் பேச்சு. நாள்பட்ட குடிகாரருக்குத் தயாமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் பி1-உம் தீர்ந்து நிலை மோசமாகலாம். அழைத்துப் போகிறவர்கள், அவர் எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.