17 பேரின் கண்கள்

இந்த எபிசோடுக்கு ஒரு பழைய கார் வேணும். 1964 ஏப்ரல் 17 அன்னைக்கு நியூயார்க் உலகக் கண்காட்சியில ஃபோர்டு அறிமுகப்படுத்திய மஸ்டாங்கை எடுத்துக்குவோம்.

அதோட கதவுல ஒரு சின்னத் தகடு இருக்கும். வெளிப்பக்க பெயின்ட், உள்பக்க நிறம், ஆக்சில், கியர்பாக்ஸ், எல்லாத்துக்கும் அதுல ஒரு கோட். நான் சாஃப்ட்வேர் ஆளு. கோட் கிடைச்சா வேலை முடிஞ்சதுன்னுதான் தோணும். ஆனா பழைய காரை மீட்டெடுக்கிறவங்களுக்கு வேலையே அங்கதான் ஆரம்பிக்குது.

ஏன்னா அந்த கோட், நிறத்தோட பெயரைத்தான் சொல்லுது. உள்ளே நீலம்னா, டேஷ்போர்டு பெயின்ட் அடிச்ச இரும்பு, சீட் வினைல், தரையில கார்பெட். மூணுக்கும் நிறம் கொடுத்த பொருள் வேற வேற. போதாக்குறைக்கு 60 வருஷ வெயில் ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு விதமா வெளுக்க வச்சிருக்கு.

இதுல இன்னொரு சிக்கலும் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்துல ஒரே மாதிரி தெரியுற ரெண்டு நீலம், வெயில்ல வேற வேறயா தெரியலாம். இதுக்குப் பெயர் மெட்டாமெரிசம். ஜாக்கெட் பிட்டைக் கடை வாசலுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கிற அம்மாக்களுக்கு இது பெயர் இல்லாமலே தெரியும்.

அப்போ நிறத்துக்கு ஒரு நிலையான எண் எப்படிக் கிடைச்சது? 1920-களில் இங்கிலாந்துல டேவிட் ரைட் 10 பேரையும், ஜான் கில்டு 7 பேரையும் உட்கார வச்சு சோதனை பண்ணினாங்க. ஒரு பக்கம் ஒரு நிறம். மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை ரெண்டும் ஒண்ணாத் தெரியுற வரைக்கும் கூட்டிக் குறைக்கணும். அந்த 17 பேரோட கண்களை வச்சுத்தான் 1931-ல சி.ஐ.இ. என்ற சர்வதேச அமைப்பு ஒரு ‘சராசரி மனிதக் கண்’ணை வரையறுத்தது. எந்த வெளிச்சத்துல பார்க்கணும்னும் அப்பவே தரம் வகுத்தது. இன்னைக்கு உங்க போன் திரையில இருக்கிற நிறக் கணக்கும் அந்த அடித்தளத்து மேலதான் நிக்குது.

அதாவது, வெளிச்சத்தைச் சொல்லாம நிறத்தைச் சொல்ல முடியாது. நல்ல மெக்கானிக் இதைக் கையாலேயே பண்றார். ஆர்ம்ரெஸ்ட்டைக் கழற்றி, வெயில் படாத வினைலைத் தேடுவார். அதுதான் தொழிற்சாலையில இருந்து வந்த நிறத்துக்கு மிக நெருக்கமான சாட்சி. பல வருஷமாத் தடவின சிலிக்கோன் பாலிஷைச் சுத்தமாத் துடைப்பார். ‘வினைல் டை’ன்னு விக்கிறதுல பெரும்பாலானது துணிச்சாயம் மாதிரி ஊறிப்போறதில்ல, மேல பிடிச்சுக்கிற மெல்லிய பூச்சு. அதனால தனித் துண்டுல அடிச்சு, காய்ஞ்ச பிறகு, வெயில்லயும் விளக்கு வெளிச்சத்துலயும் வச்சுப் பார்ப்பார். பளபளப்பு மாறினாலும் நிறம் மாறின மாதிரிதான் தெரியும்.

இங்க ஒரு முடிவு எடுத்தாகணும். சாட்சியோட நிறத்துக்கு மாத்தினா, வெளுத்துப்போன மத்த பாகங்கள் பக்கத்துல புதுசு துருத்திட்டு நிக்கும். வெளுத்த நிறத்துக்கு மாத்தினா காருக்குள்ள எல்லாம் ஒண்ணாத் தெரியும், ஆனா அது 1964-ஓட நிறம் இல்ல. ரெண்டுமே நியாயம்தான்.

என் கட்சி இதுதான்: எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆர்ம்ரெஸ்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற அந்த உள்ளங்கை அளவு இடத்துல மட்டும் ஸ்ப்ரே படக்கூடாது. கோட் தகட்டுல எப்பவும் இருக்கும். அது எந்த நீலத்தைச் சொல்லுதுன்னு காட்ட, அந்தக் காருக்குள்ள அந்த ஒரு துண்டுதான் மிச்சம்.