மூக்கும் முழியும்

அழகான பெண்ணை "மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்று சொல்லுகிறோம். விழிக்கு முன்னால் மூக்கு வந்துவிடுகிறது, பாருங்கள். நாலு பேர் நடுவில் ஒருவன் தலைகுனிந்தால், "நன்றாக மூக்கறுபட்டான்" என்கிறோம். அழகையும் மானத்தையும் சேர்த்து இந்தச் சின்ன உறுப்பின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

சென்ற மாதம் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். "பெரியப்பா, மூக்கை ஆப்பரேஷன் செய்து திருத்திக்கொள்ளப் போகிறேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் எல்லாம் சரியாகிவிடும்" என்றாள். கைபேசியில் தன் படத்தையும் காட்டினாள். அவள் மூக்கில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. பெரியப்பாக்களின் கண்ணுக்கு எப்போதுமே குற்றம் தெரியாது என்பதால், அந்த அபிப்பிராயத்தை அடக்கிக்கொண்டு ஒரு பழைய கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

மூக்கை அறுப்பது நம் தேசத்தில் நெடுங்காலம் வழங்கிய தண்டனை. சூர்ப்பணகையின் கதை எல்லோருக்கும் தெரியும். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூருக்கும் மதுரைக்கும் நடந்த சண்டைக்கு 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர். ஆனால் அறுக்கிற கை இருந்த நாட்டிலே ஒட்டுகிற கையும் இருந்தது. சுசுருத சம்ஹிதை என்னும் பழைய வைத்திய நூல் அதற்கு முறை வகுத்திருக்கிறது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்குக் கன்னத்திலிருந்து சதையைச் சீவி, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே திருப்பி, மூக்கின் இடத்தில் பொருத்த வேண்டும். மூச்சு விடுவதற்காக இரண்டு குழாய்களை உள்ளே வைக்க வேண்டும். ஆறிய பிறகு மூக்கு குட்டையாக இருந்தால் நீட்டவும், சதை அதிகமாக வளர்ந்தால் குறைக்கவும் வேண்டும். ஒரே தடவையில் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த வைத்தியர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை!

இந்த வித்தை உலகத்துக்குத் தெரிய வந்தது ஒரு மாட்டுக்காரரால். கவாஸ்ஜி என்ற அந்த மராட்டியர் 1792-ஆம் ஆண்டு யுத்தத்தில் ஆங்கிலேயரின் சேனைக்கு மாடு ஓட்டினார். திப்பு சுல்தானின் வீரர்களிடம் அகப்பட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். சுமார் ஒரு வருஷம் மூக்கில்லாமலே காலம் தள்ளினார். பிறகு பூனாவுக்கருகே, செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். முதலில் மெழுகுத் தகட்டினால் மூக்கைப் போல ஒரு உரு செய்து முகத்தில் பொருத்திப் பார்த்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். கோட்டின் வழியே தோலை அறுத்து, இரண்டு புருவங்களுக்கு நடுவில் மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி ஒட்டினார். ரத்த ஓட்டம் நின்றுவிடாதிருக்கத்தான் அந்த இணைப்பு. காசுக்கட்டிக் குழம்பு தோய்த்த துணியால் கட்டுப்போட்டார். ஐந்தாறு நாள் மல்லாந்து படுக்கை. பத்தாம் நாள் நாசித் துவாரம் மூடிப்போகாமல் மெல்லிய துணி. இருபத்தைந்தாம் நாள்தான் நெற்றி இணைப்பை அறுத்துவிட்டது.

இந்த விவரம் 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகஸீன்' பத்திரிகையில் படத்துடன் வெளிவந்தது. ஜோஸப் கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் அம்முறையைப் பிரேதங்களின் மேல் பழகிப் பார்த்தார். 1814-ல்தான் உயிருள்ள மனிதரின் மேல் கத்தி வைத்தார். பத்திரிகைச் செய்தி ஆப்பரேஷனாக இருபது வருஷம் ஆயிற்று. மயக்க மருந்து வருவதற்கு இன்னும் முப்பது வருஷம் இருந்தது. அந்த நோயாளி வலியை வலியாகவே தாங்கினார்.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் மூக்கை இழந்தவர்கள். நல்ல மூக்கை, அழகுக்காகத் திருத்துவது பிறகு வந்தது. அமெரிக்காவில் ஜான் ரோ என்ற டாக்டர் 1887-ல், வெளியே தழும்பு தெரியாமல் மூக்கின் உட்புறமாகவே திருத்தும் முறையை எழுதினார். பெர்லினில் ஜாக் ஜோஸப் என்பவர், பள்ளியில் கேலிக்கு ஆளான ஒரு சிறுவனின் காதைத் திருத்தியதற்காக 1896-ல் தம் உத்தியோகத்தையே இழந்தார். 1898-ல் ஒரு மனிதர் அவரிடம் வந்தார். மூச்சுக்கு அவருக்கு ஒரு தடையுமில்லை. பெரிய மூக்கை ஊரார் வெறித்துப் பார்ப்பதுதான் அவர் நோய். ஜோஸப் அதைக் குறைத்துக் கொடுத்தார். மனத்தின் பாரமும் குறைந்தது என்று வைத்திய சபையில் எடுத்துச் சொன்னார். மனத்துயரமும் துயரம்தான் என்று ஒப்புக்கொண்ட அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இதில் எனக்கென்ன இருக்கிறது, பெரியப்பா?" என்றாள் பெண்.

நிறைய இருக்கிறது. முதலாவது, அளவு. இலையும் மெழுகும் அவரவர் முகத்துக்கு அளவெடுத்தன. சினிமா நடிகையின் படத்தை வைத்து யாரும் அளவெடுக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் பிடித்த கைபேசிப் படத்தில் எவர் மூக்கும் உள்ளதைவிடப் பெரிதாகவே தெரியும். அதை நம்பிக் கத்தியிடம் போகக் கூடாது. இரண்டாவது, மூச்சு. பழைய வைத்தியர்கள் குழாயையும் துணியையும் மறக்கவில்லை. அழகுக்காக எலும்பையும் குருத்தெலும்பையும் அதிகமாகக் குறைத்து மூச்சு அடைத்துக்கொண்டால், அந்த அழகினால் என்ன பிரயோஜனம்? மூன்றாவது, காலம். பெரும்பகுதி வீக்கம் சில வாரங்களில் வடியும். ஆனால் மூக்கு தன் முடிவான வடிவத்துக்கு வர ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். கல்யாணத் தேதி மூக்குக்குத் தெரியாது. நான்காவது, இரண்டாம் தடவை கத்தி வைக்க நேர்வதும் உண்டு. இந்த ஆப்பரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், சரியாக வராவிட்டால் என்ன செய்வார் என்று டாக்டரிடம் கூசாமல் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, டாக்டர் உன்னைக் கேட்பது: இது யாருக்காக? கவாஸ்ஜி தமக்காக மூக்குக் கேட்டார். ஜோஸப்பிடம் வந்தவரும் தமக்காகவே கேட்டார். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்காகக் கேட்டால், அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூக்குதான் உன்னோடு இருக்கும்.

பெண் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாள். கல்யாணம் முடியட்டும், பிறகு யோசிக்கலாம் என்று தன் அம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி. அப்புறம் என்ன முடிவு செய்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. பிறர் காரியத்தில், அதுவும் மூக்கு விஷயத்தில், மூக்கை நுழைக்கக் கூடாதல்லவா?