பழைய ஸ்டீரியோவில் புதிய பாட்டு



அண்மையில் ஹரோவிலிருந்து வயதான நேயர் ஒருவர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, என்ரை ஃபோனுக்குள்ளை ஆயிரம் பாட்டுக் கிடக்குது. ஹோலுக்குள்ளை முப்பது வருசத்து ஸ்டீரியோ செற் ஒண்டு கிடக்குது. இரண்டும் ஒண்டையொண்டு பாராமல் கிடக்குதுகள். சேர்த்து வைக்க வழி இருக்கோ?" என்று கேட்டார். கலியாணத் தரகரிடம் கேட்பது போல அவர் கேட்டதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வயரும் ஒரு சின்னப் பெட்டியும் போதும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தப் பெட்டி, அது எத்தனை வருடம் உழைக்கும் என்று யோசித்தபோது, பாட்டையும் பெட்டியையும் சேர்த்து வைக்க எங்கள் சனம் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் கதையைத்தான் இந்த மாத உரையில் சொல்கிறேன். ஹரோ ஐயாவின் கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பாட்டுச் சேர்த்து வைக்கும் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. யாழ்ப்பாணப் பட்டினத்தில் 'றெக்கோடிங் பார்' என்று கடைகள் இருந்ததை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். கொப்பி ஒற்றையில் பாட்டுகளின் பெயரை இலக்கமிட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும். அறுபது நிமிடக் கசற்றா, தொண்ணூறு நிமிடக் கசற்றா என்று கேட்பார்கள். சில நாள் கழித்துப் போனால், இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்பார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் காசு. கடைக்குப் போகக் காசில்லாதவர்கள் இலங்கை வானொலிக்கு முன்னால் கசற் றெக்கோடரை வைத்துக் காத்திருந்தார்கள். கே. எஸ். ராஜாவின் குரலும் பி. எச். அப்துல் ஹமீத்தின் குரலும், இடையில் எங்கள் வீட்டு நாய் குரைத்ததும் சேர்ந்து பதிவான நாடா ஒன்று எங்களிடம் நெடுநாள் இருந்தது.

அந்தக் கசற்றின் பிறப்பும் வேடிக்கையானது. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை அறிமுகம் செய்தபோது, பேச்சைப் பதிந்து வைக்கத்தான் அது உதவும் என்று பலரும் நினைத்தார்கள். நாடாவின் அகலம் நான்கு மில்லிமீற்றர்கூட இல்லை. செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றருக்கும் குறைவாகத்தான் அது நகரும். இசைக்கு அது போதாது என்றவர்கள் இருந்தார்கள். ஆனால் அகதியாகப் புறப்பட்டவனின் சட்டைப் பைக்குள் இசைத்தட்டு போகாது, கசற் போகும்.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாகியது. பாவித்து முடிந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி அறிக்கை கேட்டுவிடப் பார்த்தோம். அதுவும் முடிந்தபோதுதான் சைக்கிள் டைனமோ எங்களுக்குக் கைகொடுத்தது. சைக்கிளைத் தலைகீழாகவோ ஸ்ராண்டிலோ நிறுத்தி, பெடலைச் சுற்றினால் டைனமோ ஆறு வோல்ற் தரும். அது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். வானொலிக்கு ஒரே திசையில் பாய வேண்டும். அதனால் இடையில் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட வேண்டும். மின்னியல் படித்திராத பெடியன்கள் எல்லாம் அதைச் செய்தார்கள். ஒருவர் பெடல் சுற்ற, பத்துப் பேர் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்ட இரவுகள் உண்டு. பழைய பெட்டியைப் புதிய சக்தியோடு இணைக்கும் வித்தையை எங்களுக்கு ஒருவரும் கற்றுத்தரத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த வருடம் நான் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். சவுத்தோலில் ஒரு அறையில் ஐந்து பேர். அங்கிருந்து ஒரு ரயில் நிலையம் தள்ளியிருக்கும் ஹேய்ஸில் வேலை. அந்த ஹேய்ஸ் ஊரைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகுதான் அறிந்தேன். எங்கள் பாட்டன்மார் காலத்தில் வந்த 'நாய்ப்படம்' போட்ட இசைத்தட்டுகளின் தாய்வீடு அதுதான். கிராமபோன் கம்பனியின் தொழிற்சாலை அங்கே 1907 இல் எழத் தொடங்கியது. 1931 இல் அந்தக் கம்பனி கொலம்பியாக் கம்பனியோடு இணைந்து இ.எம்.ஐ. ஆனது.

அதே 1931 டிசம்பரில், இ.எம்.ஐ.யில் வேலை செய்த அலன் ப்ளும்லைன் என்ற 28 வயது இளைஞர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வருகிறதே என்ற எரிச்சலில் பிறந்த யோசனை அது என்று சொல்வார்கள். இரண்டு காதுக்கு இரண்டு ஒலித்தடம், இரண்டு ஸ்பீக்கர், ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு தடத்தையும் வெட்டும் முறை என்று எழுபது கோரிக்கைகள் கொண்டது அந்த 394325 ஆம் இலக்கக் காப்புரிமை. நாங்கள் இன்று ஸ்டீரியோ என்று சொல்வதன் அத்திவாரம் அதுதான். 1934 இல் அபி றோட் கலையகத்தில் அவர் தம் முறையில் இசைக்குழுவைப் பதிந்தார். மறுவருடம் ஹேய்ஸ் நிலையத்தில் ரயில்கள் கடந்து போவதை இரட்டை ஒலியோடு படமாக்கினார்கள். விடியற்காலை வேலைக்குப் போக நான் குளிரில் நடுங்கி நின்ற அதே நிலையம். ரயில் இடப்பக்கமிருந்து வந்து வலப்பக்கம் போகும் சத்தத்தை உலகம் முதலில் பிடித்து வைத்த இடங்களில் ஒன்று என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக நின்றிருப்பேன்.

ப்ளும்லைன் தம் கண்டுபிடிப்பு வீடுகளுக்கு வருவதைக் காணவில்லை. 1942 ஜூன் 7 ஆம் திகதி, ராடார் பரிசோதனைக்குப் பறந்த விமானம் விழுந்து இறந்தார். வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958 இல்.

அவர் விட்டுப்போன அந்த வகைப் பெட்டி ஒன்றை நான் 1994 இல் ஒரு சரிற்றி கடையில் பதினைந்து பவுணுக்கு வாங்கினேன். அம்பிளிஃபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும். இரண்டு பஸ் மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதன் பின்பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாகச் சோடி சோடியாகச் சொக்கற்றுகள். இதற்கு இங்கே ஃபோனோ சொக்கற் என்று பெயர். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பனி 1930 களில் தன் வானொலிப் பெட்டிக்குள் இசைத்தட்டுக் கருவியை இணைக்கச் செய்த வடிவம் இது. முதலில் கசற் டெக், பிறகு இறுவட்டுக் கருவி, 1990 களின் பிற்பகுதியில் தமிழ் வானொலி கேட்கவென்று வாங்கிய செய்மதிப் பெட்டி என்று எல்லாம் அந்தச் சொக்கற்றில்தான் வந்து குந்தின.

பிறகு கணினி வந்தது. ஜேர்மனியில் ஃபிராவ்ன்ஹோஃபர் ஆய்வகத்தின் முக்கிய பங்கோடு உருவான எம்.பி.3 முறையால் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு மெகாபைற்றுக்குள் அடங்கியது. பிள்ளைகள் கசற் அடுக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் கணினி மாடி அறையில், ஸ்டீரியோ கீழே ஹோலில். இந்த இடைவெளியை நிரப்ப வந்த பெட்டிகளின் சரித்திரம்தான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001 இல் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தது. கணினியில் உள்ள பாட்டை வீட்டு வலையமைப்பு வழியாக எடுத்து, ஸ்டீரியோவின் ஃபோனோ சொக்கற்றுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் வழிவந்த ஸ்குவீஸ்பொக்ஸ் பெயர் பெற்றது. 2006 இல் லொஜிரெக் நிறுவனம் அதை வாங்கியது. 2012 இல் அந்த வரிசையை நிறுத்தியது. அப்பிள் நிறுவனம் 2004 இல் எயார்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற பெட்டியைத் தந்தது. 2018 இல் அதற்கும் விடைகொடுத்தது. கூகுள் 2015 இல் கொண்டுவந்த குரோம்காஸ்ற் ஓடியோ 2019 இல் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வீடுகளில் இருந்தவை தொடர்ந்து பாடின. ஆனால் 2025 மார்ச்சில், உள்ளே இருந்த ஒரு டிஜிற்றல் சான்றிதழ் காலாவதியாகியதால் அவை திடீரென்று வேலை செய்ய மறுத்தன. கூகுள் திருத்தம் அனுப்பும் வரை பாட்டில்லை. வயரும் நல்லது, ஸ்பீக்கரும் நல்லது. எங்கோ ஒரு திகதி முடிந்ததால் ஹோல் மௌனமானது. விசாத் திகதி பார்த்துப் பார்த்து வாழ்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதில் ஸ்குவீஸ்பொக்ஸின் கதை மட்டும் கொஞ்சம் வேறு. அதை இயக்கும் மென்பொருளின் மூலக்குறிப்பு ஆரம்பத்திலிருந்தே எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருந்தது. நிறுவனம் கைவிட்ட பிறகும் ஆர்வலர்கள் விடவில்லை. இன்று அது லிரியன் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. பெட்டி இல்லாதவர்கள், கேம்பிரிட்ஜில் பிறந்து 2012 இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கணினியில் அதே வேலையைச் செய்விக்கிறார்கள்.

ஆகவே ஹரோ ஐயாவுக்கு என் பதில் இது. நடுவில் வரும் பெட்டி மாறிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு அதிகம் காசு கொட்டாதீர்கள். கைத்தொலைபேசியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால், ஒரு முனையில் சிறிய ஊசியும் மறுமுனையில் சிவப்பு வெள்ளையும் கொண்ட வயர் போதும். துளை இல்லாவிட்டால் எண்களை ஒலி அலையாக மாற்றும் சில்லு உள்ள சின்ன இணைப்பி வேண்டும். புளூரூத் பெட்டியும் நல்லதுதான். என்ன, பாட்டுக்கு நடுவில் மகளின் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். பழைய பிலிப்ஸ், குருண்டிக் செற்றுகளில் சிவப்பு வெள்ளைக்குப் பதிலாக ஐந்து ஊசி கொண்ட வட்டச் சொக்கற் இருக்கலாம். அதற்கும் மாற்று வயர் விற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பின்பக்கத்தில் 'ஃபோனோ' என்று எழுதிய இடத்தில் செருகாதீர்கள். சொக்கற்றின் பெயரும் ஃபோனோ, அந்த இடத்தின் பெயரும் ஃபோனோ. யார் வைத்த பெயரோ! அது இசைத்தட்டுக் கருவிக்கானது. இசைத்தட்டின் ஊசி தருவது ஒரு வோல்ற்றில் ஆயிரத்தில் நாலைந்து பங்குதான். இறுவட்டுக் கருவி இரண்டு வோல்ற் வரை தரும். அங்கே செருகினால் சத்தம் சிதறி முழங்கும். 'ஓக்ஸ்', 'ரேப்', 'ரியூனர்' என்று எழுதிய எதிலும் செருகலாம்.

இப்போது பாட்டுச் சேகரிப்புக்கு வருவோம். மாதச் சந்தாவுக்குப் பாட்டுத் தரும் சேவைகளில் சினிமாப் பாட்டுக்குக் குறைவில்லை. உங்கள் கலியாணத்தில் ஊதிய நாதஸ்வரம் அங்கே இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவில் மாமா பதிந்த கச்சேரி இல்லை. கடிதம் எழுதக் கைவராத ஆச்சி, கசற்றில் பேசி அனுப்பிய குரல் இல்லை. அவை உலகத்தில் ஒரே பிரதியாக, பலரது வீட்டில் கூரைக்குக் கீழ் அட்டைப் பெட்டியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. ஒரே பிரதி எரிந்தால் என்ன ஆகும் என்பதை 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் கண்டவர்கள் நாங்கள். பிரித்தானிய நூலகம் 2015 இல், நாட்டிலுள்ள ஒலிப்பதிவுகளைக் காப்பாற்ற ஏறக்குறைய பதினைந்து வருடமே இருக்கிறது என்று எச்சரித்தது. நாடா பழுதாவது ஒரு காரணம். அதை ஓட்டும் கருவிகளும், திருத்தத் தெரிந்தவர்களும் இல்லாமல் போவது மற்றது. அந்தக் கணக்கு 2030 இல் முடிகிறது.

செய்முறை கடினமல்ல. கசற் டெக்கின் பின்னாலுள்ள சிவப்பு வெள்ளையை, மலிவான ஒரு இணைப்பி மூலம் கணினிக்குக் கொடுத்து, கசற் ஓடும் நேரம் முழுக்கப் பதிய வேண்டும். ஒரு மணி நேரம் ஓட ஒரு மணி நேரம் போகும், குறுக்குவழி இல்லை. இறுவட்டுத் தரத்தில் அது 600 மெகாபைற்றுக்குச் சற்று மேலே வரும். 2001 இல் வந்த ஃபிளாக் என்ற இலவச முறையில் ஒலி எதையும் இழக்காமல் ஏறக்குறைய பாதியாகச் சுருக்கலாம். இரண்டு வீட்டில் இரண்டு பிரதி வையுங்கள். ஊருக்குப் பொதுவான பதிவு என்றால், 2005 இலிருந்து எங்கள் எழுத்துக்களைச் சேமித்து வரும் நூலகம் நிறுவனத்தார் ஒலிப்பதிவுகளையும் பேணுகிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

நான் இதைப் பிந்தித்தான் தொடங்கினேன். அம்மா 1993 இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய கசற்றை வருடக்கணக்காகப் போடவே இல்லை, நாடா அறுந்துவிடுமோ என்ற பயம். போன மாரியில் துணிந்து போட்டுக் கணினியில் பதிந்து, அந்தப் பதினைந்து பவுண் அம்பிளிஃபயரில் இணைத்தேன். இரண்டு ஸ்பீக்கரிலும் அம்மா. ஆனால் இடையிடையே அவரது குரல் மெலிந்து, சிறுபிள்ளையின் குரல் போல உயர்ந்து, மறுபடி இறங்கியது. மகன் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஸ்பீட் பிழை. சொஃப்ற்வெயரிலை ஐஞ்சு நிமிசத்திலை சரியாக்கலாம்" என்றான்.

வேண்டாம் என்றேன். கசற் றெக்கோடர் டைனமோவில் ஓடியிருக்கிறது. பெடல் தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் உயரும். பெடல் சுற்றியவன் என் தம்பி. அவன் களைத்த இடங்கள் அவை.