சேட்டர் (துருவல் வேலையில்)

துருவல் எந்திரத்தில் கட்டரும் வேலைத்துண்டும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு அதிர்வதற்குப் பட்டறைப் பெயர் சேட்டர். சட்டென்று எழும் கீச்சொலி, பரப்பில் வரிவரியாக விழும் தடம், சில்லு தெறித்த கார்பைடு முனை ஆகியவை இதன் அடையாளங்கள். உலோகம் வெட்டுவதில் இதைவிடப் பிடிபடாத சிக்கல் இல்லை என்ற கருத்தில் எஃப். டபிள்யூ. டெய்லர் 1907இலேயே எழுதியிருக்கிறார்.

ஒரு பல் வெட்டிப்போன தளம் மெல்லிய அலையாக நிற்கிறது. அடுத்த பல் அந்த அலைமேல் இறங்கும்போது சீவலின் தடிமன் ஏறி இறங்குகிறது. விசையும் அதோடு ஏறி இறங்கிக் கட்டரை மறுபடி உலுக்குகிறது. வெட்டும் ஆழம் ஓர் எல்லையைத் தாண்டினால் அதிர்வு தானாகவே வளரும். இந்தக் கணக்கை வகுத்தவர்களில் ஒருவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ட்லுஸ்டி.

கொச்சியை அடுத்த களமசேரியில் எந்திரங்கள் செய்யும் எச்.எம்.டி. ஆலை எழுந்த 1960களில், சேட்டரைக் கண்டறியக் காதுதான் சென்சார். சிறு பட்டறைகளில் இன்றும் அப்படித்தான். சத்தம் மாறியதும் ஆபரேட்டரின் கை ஃபீடைக் குறைக்கும் குமிழுக்குப் போகிறது. அதனால் பெரும்பாலும் பலனில்லை. மாற்றவேண்டியது ஆழத்தை, அல்லது சுற்றுவேகத்தை.

சென்சார்களில் அதிகம் பயன்படுவது முடுக்கமானி. அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகம் அதனுள் இருக்கிறது. ஸ்பிண்டில் உறையில், முன் பேரிங்குக்கு அருகே, திருகி இறுக்கினால் நல்லது. காந்தத்தால் ஒட்டினால் உயர் அலைவெண்களில் அளவு பிசகும். மைக்ரோஃபோன் மலிவானது, ஆனால் கூலன்ட் பம்பையும் பக்கத்து எந்திரத்தையும் சேர்த்தே கேட்கும். வெட்டுவிசையை நேராக அளக்கும் டைனமோமீட்டர் துல்லியமானது. விலையும் அமைப்பும் அதை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திவிடுகின்றன. ஸ்பிண்டில் மோட்டார் மின்னோட்டத்தைப் பார்ப்பதற்குத் தனிச் சென்சார் வேண்டியதில்லை, ஆனால் வேகமான அதிர்வு அதில் மங்கிவிடும்.

அதிர்வு எவ்வளவு பெரிது என்பது மட்டும் போதாது. எந்த அலைவெண்ணில் என்பதே கேள்வி. 4 பல் கட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால் பற்கள் நொடிக்கு 200 முறை உலோகத்தைத் தொடும். 200, 400, 600 ஹெர்ட்ஸில் எழும் முகடுகள் வெட்டின் இயல்பான தாளம். கட்டர் சற்றே மையம் விலகி ஓடினால் 50இன் மடங்குகளும் சேரும். இவை எதிலும் அடங்காமல் 670இல் ஒரு முகடு தலைதூக்கினால் அது சேட்டர். கட்டர், ஹோல்டர், ஸ்பிண்டில் அல்லது வேலைத்துண்டின் இயல் அலைவெண்ணுக்கு அருகே அது அமையும்.

மருந்தும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. 670ஐ 60ஆல் பெருக்கிப் பற்களின் எண்ணிக்கையான 4ஆல் வகுத்தால் 10,050 சுற்று. அதில் பாதி 5,025, மூன்றில் ஒரு பங்கு 3,350. வேகத்தை 3,350க்கு ஏற்றினால் பற்களின் தாளம் அதிர்வோடு ஒத்துப்போய்ச் சீவலின் தடிமன் சீராகும். வேகத்தைக் கூட்டிச் சத்தத்தை அடக்குவது பழைய ஆபரேட்டர்களுக்கு நம்பமுடியாத காரியம்.

கட்டர் துண்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் எழும் குலுக்கல் பொய் எச்சரிக்கை தரும். அந்தக் கணங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மெல்லிய சுவருள்ள அலுமினியப் பாகங்கள் இன்னும் சிக்கலானவை. உலோகம் கழியக் கழிய அவற்றின் இயல் அலைவெண் நகர்ந்துகொண்டே இருப்பதால், முதல் வெட்டில் கண்ட நல்ல வேகம் கடைசி வெட்டில் உதவாமல் போகலாம்.