சிறைக்குள் சாதியும் கும்பலும்



வேலூர் தொரப்பாடி மத்தியச் சிறையில் கைதிகள் போலீசாருக்கு பூட்ஸ் தைக்கிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டில் நம் மக்கள் வெளியே செய்யும் அதே தோல் வேலை. இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாமல் உள்ளே கிடப்பவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப் போகும் இளைஞனுக்கு முதல் இரவே எழும் கேள்வி, 'இங்கே எனக்கு யார் துணை?' என்பதுதான்.

கும்பல் பிறப்பது இந்தக் கேள்வியில்தான். படுக்க இடம், அடியிலிருந்து பாதுகாப்பு, பீடி, வக்கீல், கடன் தகராறுக்குப் பஞ்சாயத்து என நிர்வாகம் தராததை அது தருகிறது. அதனால் அதன் சொல் அங்கே சட்டமாகிறது. எதிர்க்கும்பல் வலுத்தால், பயத்திலேயே இதற்கும் ஆள் சேர்கிறது.

கும்பல் மோதலைத் தடுக்கவே என்று சொல்லி, கலிபோர்னியாவில் புதுக் கைதிகளை இனவாரியாக அடைத்தார்கள். கடுமையான ஆய்வுக்கு உட்படாமல் அதை ஏற்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையிலும் அதே காரணம் சொல்லித்தான் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனியாக வைத்தார்கள். நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2021 ஏப்ரலில் அங்கே பட்டியல் சாதி விசாரணைக் கைதி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். பிரித்து வைத்தது அவரைக் காக்கவில்லை.

சாதிவாரியாக அடைப்பது, கும்பலுக்கு அரசே ஆள் சேர்த்துக் கொடுப்பதாகும். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைக் கையேடுகளின் சாதி விதிகளை ரத்து செய்தது. தீர்ப்பு மட்டும் போதாது. கும்பல் தரும் பாதுகாப்பையும் வக்கீலையும் அரசே தரும்வரை, நாம் சிறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.