இரண்டு ஆஷ் மரங்களும் ஒரு காளானும்

கிரிக்கெட் ஸ்டம்ப், சுத்தியல் பிடி, அயர்லாந்தின் ஹர்லிங் மட்டை எல்லாவற்றுக்கும் ஐரோப்பியர்கள் தேடிப் போனது ஆஷ் மரத்தைத்தான். எத்தனை அடி வாங்கினாலும் தாங்கும் மரம். அடிமரம் வேரோடு சேரும் இடத்தில் அதன் இழை தானாகவே வளைந்து ஓடும். ஹர்லிங் மட்டையை அந்த வளைவோடு அறுத்தெடுப்பார்கள். நம் மல்லிகையும் பவழமல்லியும் இதன் தாவரக் குடும்பம்தான்!

கிழக்கே இதற்கு ஒரு பங்காளி உண்டு. வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் கிழக்குக் கோடி ஆகிய இடங்களில் வளரும் மஞ்சூரிய ஆஷ். ஐரோப்பிய மரத்தைக் குளிர்காலத்திலும் அடையாளம் காணலாம், மொட்டுகள் கரிக்கறுப்பாக இருக்கும். மஞ்சூரிய மரத்தில் சிற்றிலைகளின் அடியில் செம்பழுப்பு ரோமம். ஆனால் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. உதிர்ந்த இலைக்காம்புகளில், சில மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைக் கிண்ணம்போல் முளைக்கும் ஒரு காளானோடு மஞ்சூரிய மரம் காலங்காலமாகப் பழகிவிட்டது. கோடைக் காற்றில் பறந்துவரும் அதன் வித்துகள் இலைக்குள் நுழையும். பெரும்பாலும் இலையோடு உதிர்ந்தும்விடும்.

சோவியத் காலத்தில் மஞ்சூரிய ஆஷைப் பால்டிக் நாடுகளுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். காளானும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பது வலுவான ஊகம். 1990-களின் தொடக்கத்தில் போலந்தில் ஐரோப்பிய ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. இந்த மரத்தில் காளான் இலையோடு நிற்கவில்லை. காம்பு வழியே கிளைக்கு இறங்கி, பட்டைக்குள் பரவிக் கொன்றது.

காரணமான காளானுக்கு 2006-ல்தான் பெயர் வைத்தார்கள். அதன்பிறகும் குழப்பம். அச்சு அசலாக அதே தோற்றத்தில் ஐரோப்பாவிலேயே ஒரு சாதுக் காளான் இருந்தது. 2009-ல் பழி அதன்மேல் விழுந்தது. மரபணுச் சோதனைதான் அதைக் காப்பாற்றியது. ஜப்பானில் வேறு பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருந்த காளானே உண்மையான குற்றவாளி என்பது 2012-ல் தெரிந்தது. ஐரோப்பாவில் பரவிய கூட்டம் முழுவதும் இரண்டே இரண்டு தனிக்காளான்களின் வாரிசு என்கிறது 2018-ல் வந்த ஆய்வு.

பிரிட்டனில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. உள்ளூர் ஆஷ் விதைகளைக்கூடக் கடல் கடந்த நாற்றங்கால்களுக்கு அனுப்பி, கன்றுகளாகத் திரும்ப வாங்கினார்கள். 2012 அக்டோபரில் இறக்குமதிக்குத் தடை வந்தபோது நோய் உள்ளே வந்தாகிவிட்டது. காற்றும் வித்துகளைக் கடல் தாண்டிச் சுமந்து வந்திருந்தது. நாட்டின் ஆஷ் மரங்களில் 80 சதவீதம்வரை சாகலாம் என்பது ஒரு மதிப்பீடு.

ஆனாலும் நோயாளிகள் நடுவே பச்சையாக நிற்கும் மரங்கள் ஆங்காங்கே உண்டு. அவற்றின் கிளைகளை ஒட்டுக்கட்டி வளர்த்த 3,000-க்கு மேற்பட்ட கன்றுகளை 2020-ல் ஹாம்ப்ஷயரில் நட்டிருக்கிறார்கள், அடுத்த தலைமுறைக்கு விதை எடுக்க.