ஓடைக் கரண்டும் கூரைக் கரண்டும்

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகல் நேரத்தில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. "2022இல கரண்ட் இல்லாம மெழுகுதிரியில படிச்சோம். இப்ப கூடிப்போச்சு எண்டு நிப்பாட்டச் சொல்றாங்களே, ஏன் சேர்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். தமிழ் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. தேடியபோது, விடையின் பெரும்பகுதி எங்கட மலைநாட்டுச் சரித்திரத்திலேயே இருந்தது.

மலைநாட்டு நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுக் கட்டுரை படித்தார். லக்ஷபான இயங்கியதோ 1950இல். அதற்கு முன்பே தேயிலைத் தோட்டங்கள் பல, தங்கள் ஓடைகளில் சிறு சுழலிகளை ஓட்டின. பெரிய கம்பி வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன. 1976இல் உக்குவளை, 1985இல் 210 மெகாவாட் விக்டோரியா என்று மகாவலி வெளிச்சம் தந்தது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது.

1990களில் ஓடை மின்சாரம் கிராமங்களுக்குத் திரும்பியது. சாதாரண மோட்டாரையே மின்பிறப்பாக்கியாக ஓட்டினார்கள். ஊர் உறங்கினாலும் ஓடை உறங்காது. மிஞ்சும் மின்சாரத்தைச் சூடேறும் கம்பிக்குத் திருப்பிச் சமநிலை காத்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜனக ஏக்கநாயக்க 2002இல் இவ்வகைச் சிறு பிறப்பாக்கிகள் பற்றி எழுதினார். 2010இல், பரவலாக்கப்பட்ட மின்னுற்பத்தி பற்றிய ஆங்கில நூலொன்றின் ஆசிரியர்களில் ஒருவரானார். ஆய்வும் இதே வழியில்தான் நகர்ந்தது: தனி இயந்திரத்தை அடக்குவதிலிருந்து, ஆயிரம் சிறு இயந்திரங்களை ஒரே வலையமைப்பில் இணைப்பதற்கு.

மாணவிக்குரிய பதிலும் அதுவே. மின்சாரம் பிறக்கும் கணமே செலவாக வேண்டும். பெரிய சுழலிகளின் சுழலும் பாரம் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். சூரியத் தகட்டில் சுழல எதுவுமில்லை. விடுமுறை நண்பகலில் வெயில் அதிகம், பாவனை குறைவு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபமின்நிலையக் கோளாறொன்றால் நாடே இருண்டது. ஆகவே இன்றைய ஆய்வுகள் மின்கலச் சேமிப்பையும், வலையமைப்பைத் தாங்கும் இன்வெர்ட்டர்களையும் தேடுகின்றன.

எங்கட பள்ளிவாசல், பாடசாலைக் கூரைகளிலும் தகடு ஏறுகிறது, நல்லது. ஜும்ஆ நேரத்து மின்விசிறிகளுக்கு அது போதும். ஞாயிறு நண்பகல் மின்சாரம் எங்கே போகும்? தகடு வாங்குமுன் நிர்வாகசபை இதையும் கேட்கட்டும். ஓடை மின்சாரத்தை ஒருமுறை கைவிட்டோம். கூரை மின்சாரத்தையும் அப்படி விட்டுவிடக் கூடாது.